பத்துக்கு எவ்வளவு?

ஆஸ்துமா வந்தால் மூச்சு உள்ளே போகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூச்சு உள்ளே போகிறது; போனது திரும்பி வரமாட்டேன் என்கிறது. அதுதான் நோய். சிவாஜிநகர் பஸ்ஸில் சாயங்காலம் ஏறிப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். முன்படியிலும் பின்படியிலும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். இறங்க வேண்டியவருக்கு மட்டும் வழி கிடைக்காது. நெஞ்சு நிறைய பழைய காற்றை அடைத்துக்கொண்டு, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் தவிப்பதைத்தான் நாங்கள் திணறல் என்கிறோம்.

இப்போது நன்றாக இருக்கிறேன். அதனால்தான் வாத்தியார் மாதிரி விளக்க முடிகிறது. மருத்துவமனைக்குப் போன அன்று என்னால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

ஜனவரி மாதம், பொங்கலுக்கு முந்தைய வாரம். மர்பி டவுனில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று கம்பெனிகள் வலைபோட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பி.எஸ்ஸி.யும் சாயங்கால வகுப்பில் கற்ற கம்ப்யூட்டரும் வைத்திருந்த எனக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக வேலைக்குப் போகும் முதல் பெண் நான்தான். அந்தக் குஷியில் கையையும் காலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. புத்தர் படத்தை இறக்கி வைத்துவிட்டு, முக்காலியில் ஏறிப் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"தூசியில நிக்காதடீ தேனு. இழுப்பு வந்துடும்" என்றாள் அம்மா.

"இந்தச் செவுரு மட்டும்மா."

அந்தச் சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

எங்கள் வீட்டில் அதற்கு 'இழுப்பு' என்று பெயர். வெளியார் முன்னால் 'சளி'. ஆஸ்துமா என்ற சொல் வாசல்படி தாண்டி வந்ததில்லை. வந்தால் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? அவசரப் பிரிவில் டாக்டர் ஹெக்டே என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி, "எத்தனை வருஷமா ஆஸ்துமா?" என்று கேட்டபோதுகூட அம்மா, "ஆஸ்துமா எல்லாம் இல்ல டாக்டர், சளிதான்" என்றாள். நான் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, ஒரு பெரிய தவளையைப் போல இரைந்துகொண்டிருந்தேன். டாக்டர் அம்மாவிடம் வாதாடவில்லை. நர்ஸைப் பார்த்து நெபுலைசர் என்றார். மருந்தைப் புகைபோல மாற்றி முகமூடி வழியாக நுரையீரலுக்கு அனுப்பும் சின்ன மெஷின் அது. மாவு மில் மாதிரி சத்தம் போடும். கை நடுங்க வைக்கும், நெஞ்சு படபடக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் பஸ்ஸிலிருந்து முதல் ஆள் இறங்குவான். அந்தச் சுகத்தை என்னால் எழுத முடியாது.

ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெண்கள் வார்டில், தூணுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். கையில் ஊசி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஜன்னல் வழியாகத் தெரிந்தது எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். எழுந்தால் குழாய் இழுக்கும், படுத்தால் இருமல். இரவெல்லாம் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினேன். அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் இருமும்போதெல்லாம் அவள் கை இருட்டில் மேலே வந்து என் காலைத் தொட்டுப் பார்க்கும்.

அந்த வார்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த நோயாளியும் தனியாக இருக்கக்கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு அட்டெண்டர் என்று பெயர், கழுத்தில் ஒரு பாஸ். மருந்து, சீட்டு, டாக்டர் சொல்வது எல்லாம் அட்டெண்டரிடம்தான் போகும். நோயாளி கையில் ஒன்றும் தரமாட்டார்கள். பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் ராத்திரிக்கு அம்மா, பகலுக்கு அப்பா. அப்பா ஒரு தொழிற்சாலையில் லேத் பிடிப்பவர். லீவு போட்டுவிட்டு வந்து, வேலைக்குப் போவது போலவே சட்டையை மடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வார்டில் அதற்குப் பஃப் என்று பெயர். பழுப்பு நிறத்தது தினமும் எடுக்க வேண்டியது, நன்றாக இருக்கும் நாளிலும். மூச்சுக் குழாயின் உள்வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். நீலம் ஆபத்துக்கு, இறுகிய குழாயை உடனே தளர்த்தும். அதை எடுக்கும் விதத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு சிஸ்டர் வந்தார். நேராக அப்பாவிடம் போனார்.

"நல்லா ஆட்டுங்க. உள்ள இருக்கற மூச்சை வெளிய விடுங்க. வாயில வெச்சு மூடுங்க. அழுத்தும்போதே இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே புடிங்க."

மருந்தில்லாத காலி பஃப் ஒன்றை வைத்து அப்பா செய்து காட்டினார். கண்கள் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, பத்து வரை. பக்கத்துக் கட்டில் ரத்னம்மா கைதட்டினாள்.

"ஏன் செந்தாகி மாடிதாரே நோடு! எவ்ளோ அழகா பண்றாரு பாரு! உங்கப்பாவுக்கு ஆஸ்துமா வந்திருந்தா ஒரே நாள்ல டிஸ்சார்ஜ் கணம்மா" என்றாள் என்னிடம், கன்னடமும் தமிழும் கலந்து.

எனக்கும் சிரிப்பு வந்தது, இருமலோடு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதையும் பாதியில் விடமாட்டார். மதியத்துக்குள் வார்டிலிருந்த மற்ற அட்டெண்டர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்துவிட்டார்கள். ரத்னம்மாவின் மகன், கடைசிக் கட்டில் பாயம்மாவின் வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். நோயில்லாத ஆண்கள் வராந்தாவில் வட்டமாக நின்று மூச்சுப் பிடித்தார்கள். நோயுள்ள நாங்கள் கட்டிலில் படுத்து வேடிக்கை பார்த்தோம். எனக்கு வேண்டிய நேரத்தில் அப்பா நீல பஃபைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார், என் வாயில் வைப்பார், அழுத்துவார், எண்ணுவார். பிறகு திரும்பப் பைக்குள்.

டாக்டரிடம் புனேயைப் பற்றிக் கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"போலாம். ஆனா தனியா சமாளிக்கத் தெரியணும். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடறது நான். அங்க உங்க அப்பா கூட வரப்போறாரா?"

"வேணும்னா வரேன் டாக்டர்" என்றார் அப்பா.

எனக்கு மறுபடி நெஞ்சு அடைத்தது. அதற்கு பஃப் கிடையாது.

அடுத்த நாள்தான் ஷாலினி வந்தாள். என் வயதுதான் இருக்கும். மல்லேஸ்வரத்துத் தமிழ்ப் பெண், சமூகப் பணி படிக்கிற மாணவி. தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் ஆராய்ச்சி எனக்குக் கேட்டதுமே பிடித்துப்போனது. ஆஸ்துமா, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போல வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் நோய்களை நாமே சமாளிக்க முடியும் என்ற தைரியம் ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. தைரியம் அதிகமிருப்பவர்கள் அடிக்கடி வார்டுக்குத் திரும்பி வரமாட்டார்கள் என்பது அவளுடைய பேராசிரியரின் எண்ணம். அது சரிதானா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலை அளக்கலாம், மூச்சின் வேகத்தை அளக்கலாம். மனசில் இருப்பதையும் அளக்கலாமா! எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து முகத்தில் நெபுலைசர் மாட்டியிருந்தார்கள்.

ஷாலினி என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "மூச்சு இறுகும்போது பதறாம நீங்களே சமாளிக்க முடியும்னு எவ்வளவு தைரியம் இருக்கு? துளியும் இல்லன்னா ஒண்ணு. முழுசா இருந்தா பத்து."

"பத்து போடும்மா" என்றார் அப்பா.

"இன்னாத்துக்குப் பத்து?" சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். "செவுரு சொரண்டாதடீன்னா கேக்கறாளா? ரெண்டு போடு."

"ரெண்டுன்னா ஃபெயில் ஆன மாதிரி இருக்கும். எட்டு."

"மூணுக்கு மேல ஒத்துக்கமாட்டேன்."

"ஏய், நான் இருக்கேன்ல? பஃப் அடிக்கறது யாரு? நான்தானே? எனக்கு வராதா?"

நான் முகமூடிக்குள்ளிருந்து கையை ஆட்டினேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். "ஆட்டாத. ஊசி கழண்டுடும்."

அல்சூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேசுவது போல இரண்டு பக்கமும் இறங்கி ஏறி, கடைசியில் ஆறில் வந்து நின்றார்கள். ஷாலினி எழுதிக்கொண்டாள். என் தைரியத்தை என் கண்ணெதிரே பேரம் பேசி முடித்தாயிற்று. முகமூடிக்குள் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அது கழன்றதும் முதல் வேலையாக ஷாலினியைக் கூப்பிட்டேன்.

"நீங்க பேஷண்டை அளக்கல. அட்டெண்டரை அளக்கறீங்க."

அவள் பேனாவைக் கடித்தாள். "கவனிச்சேன். எல்லா பெட்லயும் இதே கதைதான். என்ன மாடோது, என்ன பண்றது? நகருங்கன்னா கோவிச்சுக்கறாங்க."

எனக்குச் சட்டென்று தோன்றியது. தினமும் காலையில் தரையைப் பினாயில் போட்டுத் துடைத்து, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்து முடிக்கும் வரை வாட்ச்மேன் அட்டெண்டர்களை எல்லாம் வெளியே விரட்டி கிரில் கேட்டைப் பூட்டிவிடுவான். நோயாளி தனியாக இருக்கும் நேரம் நாள் முழுக்க அது ஒன்றுதான். "அப்ப கேளுங்க. ரவுண்ட்ஸ் ஒரு பக்கம் போகும்போது நாம இன்னொரு பக்கம். கூட நானும் வரேன்."

மறுநாள் காலை ஆக்சிஜன் குழாயைக் கழற்றியிருந்தார்கள். ஷாலினியோடு கட்டில் கட்டிலாகப் போனேன். மகன் பக்கத்திலிருந்தபோது ரத்னம்மாவின் எண் எட்டு. இப்போது அவள் கேட்டைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு போட்டுக்கோ மகளே. மருந்து டப்பா எந்தக் கலர்னே நான் பாத்ததில்ல. அவன் நல்லவன்தான். கொடுக்கறான், முழுங்கறேன்."

பாயம்மாவோ நேர்மாறு. வீட்டுக்காரர் அவளுக்குச் சொன்னது மூன்று. "அவருக்குத் தெரியாம நானே எவ்ளோ தடவ சமாளிச்சிருக்கேன் தெரியுமா? ஒம்போது போடு. அவருகிட்ட சொல்லிடாத, பாவம்" என்று கண்ணடித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எண்ணும் பழைய எண்ணோடு ஒத்துப்போகவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் குதிக்காத குறை. அப்போது ஷாலினி, "சரி, உங்களது?" என்றாள்.

பத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பஃபை எடுத்துக் காட்டுங்க பார்க்கலாம்" என்றாள் விளையாட்டாக.

தலையணைக்கடியில் கை போனது. பக்கத்து அலமாரிக்குப் போனது. அப்புறம்தான் நினைவு வந்தது. பஃப் கேட்டுக்கு வெளியே, அப்பாவின் சட்டைப் பையில். அதை ஒரு தடவைகூட நானே அழுத்தியதில்லை. எப்படி வேலை செய்கிறது, எந்தக் குழாய் எங்கே வீங்குகிறது என்று வார்டு முழுக்க விளக்கியவள் நான்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அன்று அப்பாவிடம் கேட்டேன். "பா, பஃப் என்கிட்டயே இருக்கட்டும்."

"உன்கிட்ட எதுக்கு? தொலைச்சுடுவ."

"நானே அடிச்சுப் பழகணும்பா."

"நான் பழகிட்டேன்ல? கம்முனு படு. ஒடம்பு தேறட்டும்."

"பாஸ் வெச்சிருக்கறவங்ககிட்டதான் மருந்து" என்று அந்தப் பக்கம் போன சிஸ்டரும் அவருக்கு ஒத்து ஊதினார். அப்பா பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு இரைக்கும்; இரைத்தால் பஃப் வெளியே வரும், என் வாயில் வைப்பார்கள். அதற்காகவே அழவில்லை.

சங்கராந்தி அன்று ரத்னம்மாவின் மருமகள் எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லம் கொண்டுவந்து எல்லாக் கட்டிலுக்கும் கொடுத்தாள். அம்மா வீட்டில் பெயருக்கு ஒரு பொங்கல் வைத்து எடுத்து வந்தாள். மறுநாள் காலைதான் அது நடந்தது.

அட்டெண்டர்களை விரட்டியாகிவிட்டது. நான் பாத்ரூம் போய்விட்டு வராந்தா வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் துடைத்திருந்தார்கள், அன்று பினாயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டார்கள் போல. வாசனை நெஞ்சில் ஏறிய இடத்திலேயே கதவு சாத்தியது போல இருந்தது. இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது வைக்க முடியவில்லை. டாக்டரும் சிஸ்டர்களும் வார்டின் மறுகோடியில் நின்றார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடக் குரல் வேண்டுமே. பக்கத்திலிருந்தது கிரில் கேட். அதைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தது தெரிந்தது.

"தேனு! ஏய், தொறடா கேட்டை! வாட்ச்மேன் எங்க?"

வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான், சாவியோடு. யாரோ அவனைத் தேடி ஓடினார்கள். அப்பா பஃபை எடுத்துக் கம்பி வழியாகக் கையை விட்டார். மடித்த சட்டைக்கை கம்பியில் மாட்டியது. அவர் கை என் முகத்துக்கு எட்டியது; ஆனால் பஃபைத் திருப்பி வாயில் வைக்க மணிக்கட்டு வளையவில்லை. இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை முயன்றார். அவர் கண்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு என் உள்ளங்கையில் அதை வைத்தார். விரல்களை மூடிவிட்டார்.

முதல் அழுத்தல் வீண். மருந்து முழுக்க நாக்கில். கசந்தது.

"மொதல்ல வெளிய ஊது. வெளிய ஊதும்மா! உள்ள இருக்கறது போவட்டும். ஆட்டு. இப்ப வாயை மூடு. அழுத்திக்கினே இழு... இழு... புடி!"

பிடித்தேன்.

"ஒண்ணு" என்றார் அப்பா.

அவருக்குப் பின்னால் அவரிடம் பாடம் படித்தவர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். ரத்னம்மாவின் மகன் "எரடு" என்றான். பாயம்மாவின் வீட்டுக்காரர் "தீன்" என்றார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து, தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் வாய்ப்பாடு சொல்வது போல. ஏழு, ஏளு, ஸாத். அப்பாவின் குரல் உடைந்து உடைந்து வந்தது. பத்துக்கு நான் மூச்சை விட்டேன். கொஞ்சம் நின்று, மறுபடி ஒன்று. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சிஸ்டர் ஓடிவந்தார். அதற்குள் பஸ்ஸிலிருந்து முதல் ஆள் இறங்கியிருந்தான்.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள், கேட் திறந்ததும் அப்பா உள்ளே வந்தார். முழங்கையில் கம்பி கீறிய கோடு. பஃபுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நீட்டிய கையால் என் போர்வையைச் சரிசெய்வது போலச் செய்தார்.

டிஸ்சார்ஜ் அன்று ஷாலினி மறுபடி வந்தாள். இந்த முறை அட்டெண்டர்கள் இருக்கும்போதே கேட்டாள். அதே கேள்வி. அப்பா நிறையத் தண்ணீர் இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

"ஆறு" என்றேன்.

ஷாலினி சிரித்துவிட்டாள். "இதுக்கா இவ்வளவு பாடு? அன்னிக்கும் ஆறுதானே எழுதினேன்!"

"அது அம்மா அப்பாவோடது. இது என்னோடது."

டாக்டர் அப்போதே கையெழுத்துப் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர்; ஒரே மூச்சில் ஊதினால் காற்று எவ்வளவு வேகமாக வெளியே போகிறது என்று முள் காட்டும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. காலையும் மாலையும் ஊதி, முள் பச்சையிலேயே நிற்கட்டும், பார்க்கலாம் என்றார். புனே கம்பெனிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன், அடுத்த குழுவோடு வரச் சொன்னார்கள். பாதி வெள்ளையடித்த அறையில், ஈரத்துணி கட்டிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டே இருந்தேன். அம்மா என்னைத் துடைப்பத்தைக்கூடத் தொடவிடவில்லை. தெருவில் யாராவது கேட்டால் மட்டும், "ஆஸ்துமா. அதுக்கின்னா இப்ப? அவளே பாத்துக்கறா" என்று எதிர்த்துக் கேட்கப் பழகியிருந்தாள்.

போன வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

இன்று சாயங்காலம் பெட்டி கட்டினோம். நீலம் கைப்பையில், இன்னொரு நீலம் பெட்டியில், பழுப்பு சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். அப்பா தரையில் உட்கார்ந்து பெட்டியின் பூட்டை எண்ணெய் விட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தும் பூட்டைத் திறந்து திறந்து மூடினார்.

"பா, ஒரு கேள்வி. நான் அங்க இருக்கும்போது பதறாம நீ இங்க இருக்க முடியும்னு எவ்வளவு தைரியம்? பத்துக்கு?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

"அவருக்கா?" என்றாள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து. "ஒண்ணு போட்டுக்க."

"கம்முனு இரு. அட்டெண்டரைக் கேக்கல. பேஷண்டைத்தான் கேக்கறா."

பூட்டை இன்னொரு முறை திறந்து மூடினார்.

"மூணு" என்றார். "போன் பண்ணா நாலு."